தைப்பொங்கல் அன்று எங்கள் ஊரில் சூரியன் இல்லை: வேறு நாளில் பொங்கலாமா?

வடகடல் (ட்ரொம்சோ, நோர்வே) | டிசம்பர் 19

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் தலைதூக்கும் கேள்வி ஒன்றை இந்த முறை உங்கள் முன் வைக்கிறேன்.

தைப்பொங்கல் சூரியனுக்கு நன்றி சொல்லும் நாள். ஆனால் ஜனவரி 14 அன்று எங்கள் ஊரில் சூரியன் உதிப்பதே இல்லை. ட்ரொம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே இருக்கிறது. நவம்பர் 27 அளவில் மறைகிற சூரியன் ஜனவரி 15 அளவில்தான் மறுபடியும் அடிவானத்தைத் தொடும். அதுவும் கணக்குக்குத்தான். சுற்றிலும் மலைகள் நிற்பதால் ஊருக்குள் வெயில் விழ ஜனவரி 21 ஆகிவிடும். அந்த நாளைச் சூரிய நாள் என்றே இங்குள்ளவர்கள் கொண்டாடுகிறார்கள். பேக்கரிகளில் 'சூல்பொல்லெர்' என்கிற, உள்ளே ஜாம் வைத்த பொரித்த பன்னுக்கு வரிசை நிற்கும். பாடசாலைப் பிள்ளைகளுக்கு வெளியே நின்று சூடான கொக்கோ குடிப்பதுதான் அன்றைய பாடம்.

இருட்டுக் காலம் என்றவுடன் நாள் முழுக்கக் கும்மிருட்டு என்று நினைக்க வேண்டாம். டிசம்பர் 21 நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்துக்கு மூன்று பாகை கீழேதான் நிற்கிறது. அந்த ஓரிரு மணி நேரம் தெற்கு வானம் இளஞ்சிவப்பாக இருக்கும். தரையில் கிடக்கும் பனி முழுவதும் நீலமாகத் தெரியும். விளக்கில்லாமல் நடந்துபோகலாம். ஆனால் எந்தப் பொருளுக்கும் வெயில் நிழல் கிடையாது. ஜனவரி 21 அன்று பிள்ளைகள் முதலில் தேடுவது சூரியனை அல்ல, தங்கள் நிழலைத்தான்.

1980களில் இன்னும் வடக்கே, ஃபின்மார்க் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்த எங்கள் முதல் தலைமுறை, மின்னடுப்பில் பானை வைத்துக் கிழக்குப் பக்கக் கறுத்த ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டது. நாங்களும் அப்படியே செய்கிறோம். இப்போது பிள்ளைகள் கேட்கிறார்கள்: இன்னும் ஒரு கிழமையில் சூரியன் வரத்தானே போகிறது, வந்த பிறகு அதற்கு எதிரிலேயே நின்று பொங்கினால் என்ன? எனக்கு இது நியாயமாகப் படுகிறது. கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

—

திருக்கணிதம் (கும்பகோணம்) | டிசம்பர் 19

சகோதரி, உங்கள் கணவர் சொல்வதே சரி.

தை முதல் நாள் என்பது சூரியன் மகர ராசிக்குள் நுழைகிற நேரத்தைக் கொண்டு வருவது. அந்தக் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்று. உங்கள் ஊர் மலைக்குப் பின்னால் இருந்தாலும், எங்கள் ஊரில் மேகம் மூடியிருந்தாலும், சூரியன் தன் பாதையில் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஐப்பசி மழை தை வரை இழுத்த ஆண்டுகளில், டெல்டாவில் வெயிலே காணாமல் பொங்கலிட்டு, மேகத்தைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறோம். யாரும் நாளைத் தள்ளிப்போடவில்லை.

மார்கழி தேவர்களுக்கு விடியற்காலை, தையில் அவர்களுக்குப் பகல் தொடங்குகிறது என்பது நம்பிக்கை. பீஷ்மர் அம்புப் படுக்கையில் உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது இந்த உத்தராயணத்துக்காகத்தான். குருட்சேத்திரத்தில் அன்று வெயில் அடித்ததா என்று அவர் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

—

நிழற்கோல் (செங்கல்பட்டு) | டிசம்பர் 20

திருக்கணிதம் ஐயா, உங்கள் மேல் மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் உத்தராயணத்தை வாதத்துக்குள் கொண்டுவந்துவிட்டதால் இதைச் சொல்லியாக வேண்டும். சூரியன் வடக்கே திரும்புவது தை முதல் நாளில் அல்ல. டிசம்பர் 21 அல்லது 22இல். அதாவது மார்கழி ஆறாம் ஏழாம் தேதியிலேயே திருப்பம் முடிந்துவிடுகிறது.

காரணம் எல்லோருக்கும் புரியும்படி சொல்லிவிடலாம். பூமியின் அச்சு மிக மெதுவாகத் தலை சுற்றுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 26,000 ஆண்டு. நம் பஞ்சாங்கம் விண்மீன்களை அடையாளமாக வைத்து ராசிகளை அளக்கிறது. பருவங்களோ அச்சின் சாய்வைப் பொறுத்தவை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு பாகை விலகல் சேர்கிறது, அதாவது கிட்டத்தட்ட ஒரு நாள். ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் மகரப் பிரவேசமும் சூரியத் திருப்பமும் ஒரே நாளில் நிகழ்ந்தன. இன்று விலகல் 24 பாகையைத் தொட்டுவிட்டது. இப்படியே போனால் பொங்கல் பிப்ரவரிக்குள் நகரும்.

இந்திய அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. மேகநாத சாஹா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு ஒன்றை 1952இல் அமைத்தார்கள். 1955இல் அறிக்கை வந்தது. 1957 மார்ச் 22 முதல் இந்திய தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதில் பௌஷ மாதம் டிசம்பர் 22இல் பிறக்கிறது, திருப்பத்தோடு ஒட்டி. வானொலியில் அந்தத் தேதியை வாசித்தார்கள், அரசிதழில் அச்சிட்டார்கள். ஒரு வீட்டிலும் அந்த நாளில் பானை ஏறவில்லை. நாட்டின் அதிகாரபூர்வ நாட்காட்டி நம் வாசலுக்கு வராமலே போனது எனக்கு உண்மையான வருத்தம்.

வடகடல் அம்மாவுக்கு என் பதில்: விருப்பம்போல் மாற்றிக்கொள்ளுங்கள். நாம் கொண்டாடும் நாளே திருப்ப நாள் அல்ல என்கிறபோது, நீங்கள் ஒரு வாரம் தள்ளிவைப்பதால் எந்தக் கணக்கும் கெட்டுவிடாது.

—

பொய்ன் ஆற்றங்கரை (மீத், அயர்லாந்து) | டிசம்பர் 20

நாள் முக்கியமா, கண்ணில் படும் ஒளி முக்கியமா என்று பேசுகிறீர்கள். இரண்டையும் கல்லில் கட்டிச் சேர்த்துவைத்தவர்களின் ஊரில் இருந்துகொண்டு பேசாமல் இருக்க முடியவில்லை.

நான் இருக்கும் இடத்திலிருந்து சிறிது தூரத்தில்தான் நியூகிரேஞ்ச். கி.மு. 3200 அளவில் கட்டிய கல்லறைக் குன்று. கீசாவின் பெரிய பிரமிடைவிட மூத்தது. பெரிய மேடு, அதற்குள் 19 மீட்டர் நீளத்தில் குறுகலான கல் நடை, அதன் முடிவில் ஓர் அறை. வாசலுக்கு மேலே தனியாக ஒரு சிறு திறப்பு வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21ஐ ஒட்டிய சில நாட்களில் மட்டும், காலை ஒன்பது மணிக்குச் சற்று முன், அந்தத் திறப்பின் வழியாக ஒரு கற்றை நுழைந்து தரையில் ஊர்ந்து அறைவரை போகிறது. 17 நிமிடம் நின்றுவிட்டுச் சுருங்கி வெளியேறிவிடுகிறது. ஆண்டின் மற்ற நாட்களில் அந்த அறைக்கு வெயில் கிடையாது.

வாசலே இருக்க, மேலே தனித் திறப்பு எதற்கு என்று கேட்கலாம். நடை உள்ளே போகப் போக மேலேறுகிறது. வாசல் வழியாக வரும் வெயில் பாதி நடையோடு நின்றுவிடும். அறைவரை போக வேண்டுமென்றால் ஒளி உயரத்திலிருந்து நுழைந்தாக வேண்டும். இதைக் கட்டியவர்களிடம் இரும்பும் இல்லை, எழுத்தும் இல்லை. எத்தனை மார்கழிக் காலைகளில் வந்து நின்று, எந்தக் கல்லை எவ்வளவு தூக்க வேண்டும் என்று பார்த்திருப்பார்கள்!

அகழாய்வு செய்த பேராசிரியர் மைக்கேல் ஓகெல்லி, உள்ளூர் மக்கள் தலைமுறையாகச் சொல்லிவந்த பேச்சை நம்பி, 1967 டிசம்பர் 21 அன்று தனியாக உள்ளே போய் உட்கார்ந்தார். ஒளி வந்தது. இப்போது அந்தக் காலைகளில் உள்ளே நிற்க ஆண்டுதோறும் பல ஆயிரம் பேர் விண்ணப்பிக்கிறார்கள், குலுக்கலில் சிலருக்குத்தான் இடம். இடம் கிடைத்தவர்களுக்கும் ஒளி உறுதியில்லை. அயர்லாந்து டிசம்பரில் மேகம் எப்போது விலகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒன்றும் தெரியாமல் வெளியே வந்தவர்கள் உண்டு. ஆனாலும் அந்த நாளில்தான் போகிறார்கள். ஆகவே நாளை மாற்றாதீர்கள் என்பது என் கட்சி.

—

வடகடல் (ட்ரொம்சோ, நோர்வே) | டிசம்பர் 20

பொய்ன் ஆற்றங்கரை அண்ணா, அவர்களுக்கு மேகம் ஒரு தடை, விலகலாம். எங்களுக்குத் தடை பூமியே. காத்திருந்து பார்ப்பதற்கு அன்று வாய்ப்பே கிடையாது. அதுதான் வித்தியாசம்.

—

ஈப்போவாசி (பேராக், மலேசியா) | டிசம்பர் 21

இன்று எங்கள் தெருவில் சீனக் குடும்பங்களுக்கு 'டோங் சி', குளிர்காலத் திருப்ப நாள். காலையிலேயே பக்கத்து வீட்டு ஆண்ட்டி ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பிவிட்டார். பசையரிசி மாவில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக உருட்டிய உருண்டைகள், இஞ்சியும் பாண்டான் இலையும் போட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகில் மிதக்கின்றன. 'தாங் யுவென்' என்பார்கள். நம் பால் கொழுக்கட்டை சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அந்தப் பதம் உடனே பிடித்துவிடும். இதைச் சாப்பிட்டால் ஒரு வயது கூடிவிட்டது என்று பொருளாம். அதனால் வீட்டுப் பெரியவர்கள் இளையவர்களைக் கட்டாயப்படுத்தி ஒன்றாவது விழுங்க வைப்பார்கள்.

இந்த விவாதத்துக்கு இது ஏன் பொருத்தம் என்றால், ஈப்போ நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இங்கே வித்தியாசம் சுமார் அரை மணி நேரம்தான். குளிர் கிடையாது. இருட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வட சீனத்தின் குளிருக்குப் பிறந்த நாளைத் தெற்கே கப்பலேறி வந்தவர்கள் தேதி பிசகாமல் வைத்திருக்கிறார்கள். சீன நாட்காட்டியில் பதினோராவது மாதத்துக்குள் இந்தத் திருப்பம் வந்தே தீர வேண்டும் என்பது விதி. அதனால் நாளும் விலகுவதில்லை.

வெளிச்சம் திரும்புவதைக் கண்ணால் பார்க்கவே முடியாத இடத்தில் இவர்கள் கொண்டாடுகிறார்கள். அப்படியானால் ட்ரொம்சோவில் ஏன் கூடாது?

—

நிழற்கோல் (செங்கல்பட்டு) | டிசம்பர் 21

ஈப்போ நண்பரே, உங்கள் பதிவிலேயே என் வாதத்துக்கும் இடம் இருக்கிறது. சீனர்கள் நாளை வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் நாட்காட்டி வானத்தோடு ஒட்டி நடக்கிறது. நாம் நாளின் பெயரை வைத்துக்கொண்டு வானத்தை விட்டுவிட்டோம்.

இன்று நண்பகல் செய்ததைச் சொல்கிறேன். பள்ளியில் பணியாற்றிய காலம் முதல் விடாமல் செய்துவருவது. சமதரையில் ஒரு மீட்டர் கோல் ஒன்றைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தில் அதன் நுனியில் சுண்ணாம்பால் புள்ளி வைக்கிறோம். இன்று நிழல் 74 சென்டிமீட்டர். ஆண்டின் நண்பகல் நிழல்களில் இதுவே மிக நீளமானது. ஏப்ரல் பின்பாதியில், நிழலில்லா நாளில், இதே கோலின் நிழல் அதன் காலடிக்குள் போய்விடும்.

தெருப் பிள்ளைகள் வந்து கேட்டார்கள்: நாளைக்கே நிழல் குறைந்துவிடுமா? குறையாது. திருப்பத்தை ஒட்டிய நான்கு நாட்களில் சூரியன் நகர்வது அதன் வட்டின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே. சுண்ணாம்புப் புள்ளிமேலேயே புள்ளி விழும். நியூகிரேஞ்சில் ஒரு நாளைக்கு மட்டும் அல்லாமல் சில நாட்களுக்கு ஒளி நுழைவதும் இதனால்தான்.

பெற்றோர் சிலர் கேட்டது வேறு: இன்றைக்கே திருப்பம் என்கிறீர்கள், ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப எழும்போது ஜனவரியில்தானே இன்னும் இருட்டாக இருக்கிறது? அவர்கள் கண் பொய் சொல்லவில்லை. சென்னைப் பக்கம் மிக முன்னதாகச் சூரியன் மறைவது நவம்பர் பின்பாதியில். மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி மூன்றாம் வாரத்தில். இரண்டுக்கும் நடுவே டிசம்பர் 21இல் மொத்தப் பகல் மிகக் குறைவு, சுமார் 11 மணி 20 நிமிடம். பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததும், அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து கடிகார நண்பகலை முன்னும் பின்னும் தள்ளுகின்றன. ஆகவே மாலை வெளிச்சம் முதலில் திரும்பி வருகிறது, காலை வெளிச்சம் இரண்டு மாதம் கழித்து வருகிறது.

—

திருக்கணிதம் (கும்பகோணம்) | டிசம்பர் 21

நீங்களே சொல்லிவிட்டீர்கள். இன்று புள்ளிமேல் புள்ளி விழுகிறது. அதே கோலின் நிழல் தை முதல் நாளில் எவ்வளவு இருக்கும்?

—

நிழற்கோல் (செங்கல்பட்டு) | டிசம்பர் 21

சுமார் 69 சென்டிமீட்டர்.

—

திருக்கணிதம் (கும்பகோணம்) | டிசம்பர் 21

ஐந்து சென்டிமீட்டர். உழவன் முற்றத்தில் நட்டு வைத்த கோலைப் பார்த்தே சொல்லிவிடக்கூடிய அளவு. திருப்பம் நடந்த நாளை விட்டுவிட்டு, திரும்பிவிட்டது என்று ஊரே கண்ணால் கண்டுகொள்ளும் நாளில் விழா எடுப்பதில் என்ன பிழை? அறுவடையும் அப்போதுதான் களத்துக்கு வருகிறது. சம்பா அறுக்காமல் புத்தரிசிக்கு எங்கே போவது? டிசம்பர் 22இல் பொங்க வேண்டுமென்றால் பழைய அரிசியில்தான் பொங்க வேண்டும்.

—

நிழற்கோல் (செங்கல்பட்டு) | டிசம்பர் 21

அறுவடை வாதத்தை ஏற்கிறேன், அதுதான் பொங்கலின் உயிர். நிழல் வாதத்தை ஏற்கவில்லை. யாரும் ஐந்து சென்டிமீட்டர் குறையட்டும் என்று காத்திருந்து இந்த நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை. நாள் அங்கேயே நின்றது, வானம் நகர்ந்துவிட்டது. நகர்ந்த பிறகு வந்த பொருத்தத்தை முன்னோர் திட்டமாகக் காட்டினால் பிள்ளைகளுக்குத் தவறாகக் கற்பிக்கிறோம்.

—

அல்லி (உப்சாலா, சுவீடன்) | டிசம்பர் 22

நாள் அங்கேயே நிற்க வானம் நகர்ந்த கதை எங்கள் ஊரிலும் உண்டு. சுவீடனில் புனித லூசியா நாள் டிசம்பர் 13. பழைய ஜூலியன் நாட்காட்டியில், 14ஆம் நூற்றாண்டு அளவில், ஆண்டின் மிக நீண்ட இரவு அந்தத் தேதியில்தான் வந்தது. 1753இல் சுவீடன் புதிய நாட்காட்டிக்கு மாறியது, திருப்பம் 21க்குப் போனது, லூசியா மட்டும் 13லேயே தங்கிவிட்டாள்.

அதனால் கொண்டாட்டம் குறைந்துவிட்டதா? பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். விடியும் முன்பே பள்ளிக் கூடத்தில் விளக்குகளை அணைத்துவிடுவார்கள். தூரத்திலிருந்து பாட்டுக் குரல் முதலில் வரும். பிறகு வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்புப் பட்டி, தலையில் மெழுகுவர்த்திக் கிரீடத்தோடு ஒரு பெண் நடந்து வருவாள், பின்னால் கையில் மெழுகுவர்த்தியோடு மற்றவர்கள். குங்குமப்பூ போட்டுப் பிசைந்து, எஸ் எழுத்துப்போல் சுருட்டி, இரு சுருளிலும் உலர்ந்த திராட்சை பதித்த மஞ்சள் ரொட்டி அன்றைக்கு. என் இளைய மகள் சென்ற ஆண்டு அந்த வரிசையில் நடந்தாள். அரங்கம் மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது.

திருப்பத்துக்கு எட்டு நாள் முன்பு, இருட்டு இன்னும் கூடிக்கொண்டிருக்கும்போதே வருகிறாள் என்பதால்தான் அவள் எனக்குப் பிடிக்கிறாள். வடகடல் அக்காவின் பொங்கலும் அப்படித்தான். சூரியன் வருமுன்பே அடுப்பு மூட்டுகிறீர்கள். அதில் ஒரு துணிச்சல் இருக்கிறது. மாற்ற வேண்டாம் அக்கா.

—

புதுவாசகன் (கோவை) | டிசம்பர் 22

கிறிஸ்துமஸும் ரோமானியரின் சூரியத் திருநாளை எடுத்து வைத்துக்கொண்டதுதானே? அப்படியானால் எல்லாமே ஒன்றிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடலாமே.

—

அல்லி (உப்சாலா, சுவீடன்) | டிசம்பர் 22

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது தம்பி. பேரரசர் ஔரேலியன் கி.பி. 274இல் வெல்லமுடியாத சூரியனுக்கு ரோமில் கோயில் எடுத்தார். 354ஆம் ஆண்டு ரோமானிய நாட்காட்டித் தொகுப்பு ஒன்றில் டிசம்பர் 25 சூரியனுக்கும் குறிக்கப்பட்டிருக்கிறது, கிறிஸ்து பிறப்புக்கும் குறிக்கப்பட்டிருக்கிறது. எது எதைப் பார்த்து வந்தது என்பதில் அறிஞர்கள் இன்றுவரை பிரிந்தே நிற்கிறார்கள். கரு உருவானதாகக் கருதிய மார்ச் 25இலிருந்து ஒன்பது மாதம் எண்ணி வந்த தேதி என்று ஒரு பிரிவு. எல்லாவற்றையும் ஒரே வேரில் கட்டப்போனால் அந்தந்த ஊரின் குளிரும் பசியும் காணாமல் போய்விடும்.

—

பாலைக்கரை (துபாய்) | டிசம்பர் 22

நேற்று இரவு எங்கள் அலுவலக நண்பரின் ஈரானியக் குடும்பத்தோடு யால்தா இரவு. இன்னும் தூக்கம் கலையவில்லை, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அவர்கள் கொண்டாடுவது திருப்பத்தின் பகலை அல்ல, அதற்கு முந்திய இரவை. ஆண்டின் மிக நீண்ட இரவில் யாரையும் தனியே விடக் கூடாது என்று எல்லோரும் வீட்டில் மூத்தவரிடம் கூடுகிறார்கள். மாதுளை முத்துகள், தர்பூசணி, பிஸ்தா, பாதாம், உலர்ந்த அத்தி. குளிர்காலத்தில் தர்பூசணி எதற்கு என்று கேட்டேன். இந்த இரவில் அதைச் சாப்பிட்டால் வருகிற கோடையின் சூடு அண்டாது என்றார் பாட்டி. அவருடைய சிறு வயதில் குட்டை மேசைக்கு அடியில் கனல் சட்டி வைத்து, மேலே பெரிய மெத்தைப் போர்வை விரித்து, சுற்றிலும் எல்லோரும் கால்களை உள்ளே நீட்டிக்கொண்டு உட்காருவார்களாம். 'கோர்சி' என்பார்கள். நேற்று கனல் இல்லை, மின்சூடேற்றியும் தேவைப்படவில்லை, ஆனாலும் போர்வையை விரித்துவிட்டார்.

பிறகு கவிஞர் ஹாஃபிஸின் 'திவான்' என்கிற கவிதைத் தொகுப்பை எடுத்து, மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடித் திறந்த பக்கத்தைப் படித்துப் பலன் சொல்வது. கடைசிப் பேரன்வரை ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். ஆப்கானிஸ்தானிலும் இந்த இரவு உண்டு. இரு நாடுகளின் மரபாகவும் 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள்.

நிழற்கோல் ஐயா கவனிக்க: ஈரானின் நாட்காட்டி வசந்தகாலச் சமநாளைக் கணக்கிட்டு ஆண்டைத் தொடங்குகிறது. அதனால் யால்தா திருப்பத்தை விட்டு விலகுவதே இல்லை.

—

தென்துருவப்பக்கம் (மெல்போர்ன்) | டிசம்பர் 23

ஒரு சிறு குறிப்பு. ஆஸ்திரேலியாவில் ஜனவரி 14 கோடையின் உச்சி. அப்போது எங்களுக்குப் பகல் குறையத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருக்கும். ஒளி திரும்பி வருவதைத்தான் பொங்கல் குறிக்கிறது என்றால் நாங்கள் ஜூன் 21க்குப் பிறகு பொங்க வேண்டும். யாரும் செய்வதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. ஜூன் 21ஐ மனம் ஒன்றிக் கொண்டாடுகிறவர்கள் இன்னும் தெற்கே, அண்டார்டிகா ஆய்வு நிலையங்களில் குளிர்காலம் முழுவதும் தங்கியிருப்பவர்கள். அன்று பெரிய விருந்து வைத்து, நிலையத்துக்கு நிலையம் வாழ்த்து அனுப்பிக்கொள்வார்கள்.

—

பனிக்கரடி நாடு (ஒஸ்லோ, முன்பு லொங்யார்பீன்) | டிசம்பர் 23

வடகடல் அக்கா, உங்கள் பக்கம் பேச இதுவரை உருப்படியாக யாரும் வரவில்லை. நான் வருகிறேன்.

ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 78 பாகை வடக்கில், லொங்யார்பீன் என்ற சிற்றூரில் வேலை பார்த்தேன். அங்கே நண்பகலிலும் நட்சத்திரம் தெரியும் இருட்டு. பிப்ரவரி நடுவில் சூரியன் கணக்குப்படி அடிவானத்துக்கு மேலே வந்துவிடுகிறது. யாரும் கொண்டாட மாட்டார்கள். மலை மறைக்கிறது. மார்ச் 8 வாக்கில்தான் ஊருக்குள் முதல் வெயில் விழும். எங்கே விழ வேண்டும் என்பதற்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்: பழைய மருத்துவமனையின் படிக்கட்டு. அந்தப் படியில் வெயில் பட்டால்தான் சூரியன் வந்ததாக ஊர் ஒப்புக்கொள்ளும்.

அன்று ஊரே அங்கே கூடும். பிள்ளைகள் முகத்தில் மஞ்சள் பூசி, தலையில் கதிர் கதிராக வெட்டிய அட்டைக் கிரீடம் வைத்துக்கொண்டு, வா சூரியனே வா என்று நோர்வேஜிய மொழியில் ஒரே குரலில் கத்துவார்கள். எதிர் மலையின் உச்சியில் விளிம்பு பொன்னாகும், வெளிச்சம் சரிவில் இறங்கும், கத்தல் கூடும். படியில் பட்ட அந்த நொடியில் பெரியவர்கள் பலர் அழுததைப் பார்த்தேன். மேகமாக இருந்தாலும் கூட்டம் வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பொய்ன் ஆற்றங்கரை அண்ணாவுக்காக.

ர்யூக்கான் என்ற ஊர் இன்னும் ஒருபடி மேலே போனது. அது தென் நோர்வேயில், செங்குத்தான பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. செப்டம்பர் இறுதி முதல் மார்ச் வரை மலை வெயிலை மறைத்துவிடும். 1928இல் நோர்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் கம்பிவடத் தொங்கு ஊர்தி அமைத்தது, மக்கள் மேலே போய்க் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டு வருவதற்காக. 2013 அக்டோபரில் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தினார்கள். அவை சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பி, சந்தைச் சதுக்கத்தில் வெயிலை விழ வைக்கின்றன. இந்த யோசனை நூறு ஆண்டு பழையது, செய்துமுடிக்கத்தான் அவ்வளவு காலம் ஆனது. ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அந்த வெளிச்சத்துக்குள் உட்காருகிறார்கள்.

இந்த மக்களுக்கு ஒளி என்பது பஞ்சாங்கச் செய்தி அல்ல. தோலில் பட வேண்டிய ஒன்று. அங்கே வளரும் நம் பிள்ளைகளும் அந்த மக்கள்தான். பொங்கலை அவர்கள் அறிந்த வெயிலோடு சேர்த்துக் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த தலைமுறை அதை அப்பம்மா வீட்டு வழக்கம் என்று விட்டுவிடும்.

—

வடகடல் (ட்ரொம்சோ, நோர்வே) | டிசம்பர் 24

இதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். கணவருக்கும். இருவரும் தங்கள் பக்கமே வென்றது என்கிறார்கள்.

—

திருக்கணிதம் (கும்பகோணம்) | டிசம்பர் 24

சகோதரி, பனிக்கரடி நாடு தம்பியின் பதிவை இரண்டு முறை படித்தேன். நாளை மாற்றாமலே பிள்ளைகள் ஆசை நிறைவேற வழி நம் வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது.

ரத சப்தமி. தை அமாவாசைக்குப் பிறகு வரும் ஏழாம் நாள். சூரியன் தன் தேரை வடக்கு நோக்கித் திருப்பும் நாள் என்று கோயில்களில் சூரியப் பிரபை வாகனம் புறப்படும். வீடுகளில் ஏழு எருக்கிலைகளைத் தலையிலும் தோள்களிலும் முழங்கால்களிலும் பாதங்களிலும் வைத்து நீராடுவோம். தலையில் வைக்கும் இலையில் கொஞ்சம் அட்சதை. வாசலில் தேர்க்கோலம் போட்டு, சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சூரியனுக்குப் படைப்போம். அது பெரும்பாலும் ஜனவரி கடைசி வாரத்துக்கும் பிப்ரவரி நடுவுக்கும் இடையில் வரும். அதற்குள் உங்கள் ஊரில் சூரியன் வந்திருக்கும்.

தை முதல் நாளில் உள்ளே பொங்குங்கள். ரத சப்தமியில் வெளியே, சூரியனுக்கு எதிரில் பொங்குங்கள்.

—

நிழற்கோல் (செங்கல்பட்டு) | டிசம்பர் 24

ஐயாவும் நானும் நாட்காட்டி விஷயத்தில் ஒத்துப்போகப் போவதில்லை. இந்த யோசனையில் முழு உடன்பாடு.

—

வடகடல் (ட்ரொம்சோ, நோர்வே) | டிசம்பர் 25

எங்களுக்கு இது தோன்றவே இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் ரத சப்தமி பெரிதாகச் செய்ததில்லை. கணவர் உடனே சம்மதித்துவிட்டார். மகள் ஒரு நிபந்தனை வைத்தாள்: 21ஆம் திகதி பாடசாலை முடிந்து வந்ததும் சூல்பொல்லெர் வேண்டும், அதில் மாற்றம் கிடையாது.

இரண்டு சந்தேகம். எருக்கிலைக்கு இங்கே வழியில்லை, அது இல்லாமல் செய்யலாமா? அடுத்தது, வெளியே பூச்சியத்துக்குப் பத்துப் பாகை கீழே இருக்கலாம், காற்றும் அடிக்கும். கல் அடுப்பில் விறகு மூட்டினால் பானை கொதிக்குமா?

—

திருக்கணிதம் (கும்பகோணம்) | டிசம்பர் 25

இலை கிடைக்காத ஊரில் நீராடிவிட்டுச் சூரியனுக்கு எதிரில் நின்று கும்பிட்டால் போதும். குறையாக நினைக்க வேண்டாம்.

—

பனிக்கரடி நாடு (ஒஸ்லோ, முன்பு லொங்யார்பீன்) | டிசம்பர் 25

அடுப்பைப் பனிமேல் நேராக வைக்காதீர்கள், உருகிச் சரிந்துவிடும். தடித்த பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் தட்டையான கல் பரப்பி, அதற்குமேல் அடுப்பு. முகாம்களுக்குக் கொண்டுபோகும் காற்றுத் தடுப்புத் தகடு கடைகளில் கிடைக்கும், மூன்று பக்கமும் நிறுத்துங்கள். அரிசியையும் பயறையும் வீட்டுக்குள்ளேயே முக்கால் பதம் வேகவைத்து எடுத்துப்போங்கள். பாலைத் தனியாகச் சூடாக்கிக் குடுவையில் கொண்டுபோய் வெளியே ஊற்றினால் பொங்கி வழிய அதிக நேரம் ஆகாது. சிறிய பானையாக இருக்கட்டும். உங்கள் ஊரில் அந்த நாட்களில் சூரியன் தலைகாட்டும் நேரம் கொஞ்சம்தான், அதற்குள் பொங்கியாக வேண்டும்.

—

நிழற்கோல் (செங்கல்பட்டு) | டிசம்பர் 25

மகளிடம் ஒரு வேலை சொல்லுங்கள் அம்மா. அன்று அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மீட்டர் கோலை நடச் சொல்லுங்கள். உங்கள் அகலாங்கில் சூரியன் அடிவானத்தை ஒட்டியே போவதால் நிழல் பல மீட்டர் நீளும், தரை சமமாக இருந்தால் நுனியைத் தேடிக் கொஞ்ச தூரம் நடந்தே போக வேண்டியிருக்கும். அளந்து நாளும் நேரமும் குறித்து இங்கே எழுதச் சொல்லுங்கள். அதே நாள் எங்கள் தெருப் பிள்ளைகளும் அளப்பார்கள். இரண்டு நிழலையும் வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட அவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிடலாம்.